மொத்தத்தை மட்டும் சொல்லாதீர்கள், நீளத்தையும் சொல்லுங்கள்

டி.என்.ஏ. அறிக்கையில் "ஒத்த துண்டுகள்: மொத்தம் 150 மெகாபேஸ்" என்று ஒற்றை வரி இருக்கும். தாய்வழிப் பிரதியும் தந்தைவழிப் பிரதியும் ஒன்றாகவே இருக்கும் பகுதிகள்தான் ஒத்த துண்டுகள்; ஒரு மெகாபேஸ் என்பது பத்து லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள். அதைப் பார்த்தவுடன் "பெற்றோர் நெருங்கிய சொந்தமா?" என்று கேட்டுவிடுகிறார்கள். அந்தக் கேள்வி ஒரு குடும்பத்தைக் காரணமே இல்லாமல் புண்படுத்தக்கூடும். அதே 150 மெகாபேஸ் ஒருவரிடம் 9 நீண்ட துண்டுகளாக இருக்கலாம். இன்னொருவரிடம் ஒன்றரை மெகாபேஸ் அளவில் 100 சிறு துண்டுகளாகச் சிதறிக் கிடக்கலாம். முதலாமவரின் பெற்றோர் பெரும்பாலும் உறவினர்கள். இரண்டாமவரின் பெற்றோருக்குள் தெரிந்த உறவு எதுவும் இருக்க வேண்டியதில்லை. அவர்களின் முன்னோர் நெடுங்காலம் சிறிய கூட்டமாக வாழ்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நமக்குத் தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி. இருவருக்கும் பொதுவான ஒரு முன்னோரின் அதே துண்டு இரு வழியிலும் வந்து சேர்ந்தால், அந்த நீளம் முழுக்க இரு பிரதிகளும் ஒன்றாகவே இருக்கும். இந்த ஒத்த துண்டைத்தான் ஆர்.ஓ.எச். என்கிறார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் குரோமோசோம்கள் வெட்டி மாற்றிக்கொள்வதால் துண்டு குட்டையாகிக்கொண்டே வரும். பொது முன்னோர் எத்தனை தலைமுறைக்கு முன்பு என்ற எண்ணை இரட்டிப்பாக்கி, 100-ஐ அதனால் வகுத்தால் சராசரி நீளம் சென்டிமார்கன் என்ற மரபுத் தொலைவு அலகில் கிடைக்கும். 3 தலைமுறை என்றால் சுமார் 16.7; 10 என்றால் 5; 50 என்றால் 1. மனிதரில் ஒரு சென்டிமார்கன் ஏறத்தாழ ஒரு மெகாபேஸ். இது சராசரிதான், தனித்தனித் துண்டுகள் பெரிதும் மாறுபடும். ஒரே ஒரு துண்டை வைத்து உறவைக் கணிப்பது கூடாது.

மொத்த நீளத்தை ஆட்டோசோம்களின் (பாலினக் குரோமோசோம்கள் தவிர்த்த மற்றவை) நீளத்தால், அதாவது சுமார் 2,800 மெகாபேஸால், வகுத்தால் வருவதுதான் உள்ளினச் சேர்க்கைக் கெழு; பெற்றோரின் உறவு எவ்வளவு நெருக்கம் என்பதைக் காட்டும் எண். உடன்பிறந்த இருவரின் பிள்ளைகள் மணந்து பெறும் குழந்தைக்கு வம்சாவளிக் கணக்கு 6.25 சதவீதம் சொல்லும். டி.என்.ஏ.வில் அளந்தால் ஒரு குழந்தைக்கு 3, இன்னொன்றுக்கு 10 என்றுகூட வரும். பிரதிகள் பிரிவது தற்செயலாக நடப்பது. வம்சாவளிக்கு வேறொரு குறையும் உண்டு. எவ்வளவு ஆழம் தோண்டுகிறோமோ அவ்வளவுதான் அது காட்டும். ஸ்பெயின் மன்னர் இரண்டாம் சார்லஸின் பெற்றோர் தாய்மாமனும் மருமகளும். அந்த ஓர் உறவை மட்டும் கணக்கிட்டால் 12.5 சதவீதம். 16 தலைமுறை வரை தேடியபோது 25.4 சதவீதம் ஆனது.

இனி அளக்கும் வேலைக்கு வருவோம். பெரும்பாலான பிழைகள் இங்கேதான். இத்துண்டுகளைத் தேடும் பிளிங்க் மென்பொருளில் நாம் எதையும் மாற்றாவிட்டால், 50 எஸ்.என்.பி. (ஆளுக்கு ஆள் ஓர் எழுத்து மாறுபடக்கூடிய இடம்) கொண்ட சாளரம் ஒன்று டி.என்.ஏ. மீது நகர்ந்துகொண்டே போகும். அதற்குள் இரு பிரதிகளும் வேறுபடும் இடம் 1, வாசிப்பு விடுபட்ட இடம் 5 வரை அனுமதி. துண்டு குறைந்தது 1,000 கிலோபேஸ் (ஒரு மெகாபேஸ்) நீளமும் 100 எஸ்.என்.பி.யும் கொண்டிருக்க வேண்டும். இந்த எண்களை அப்படியே எல்லாச் சிப்புக்கும் (எஸ்.என்.பி.களைப் படிக்கும் சோதனைத் தகடு) பயன்படுத்துவது சோம்பேறித்தனம். குறைந்தபட்ச எஸ்.என்.பி. எண்ணிக்கையைக் கணக்கிட்டே வைக்கலாம்: 0.05-ஐ, எஸ்.என்.பி. எண்ணிக்கையையும் மாதிரி எண்ணிக்கையையும் பெருக்கிய தொகையால் வகுத்து மடக்கை எடுங்கள். அதை, ஒன்றிலிருந்து சராசரி வேறுபாட்டு விகிதத்தை (இரு பிரதிகளும் வேறுபடும் இடங்களின் பங்கு) கழித்து வருவதன் மடக்கையால் வகுங்கள். 50,000 எஸ்.என்.பி., 1,000 மாதிரி, விகிதம் 0.35 என்றால் விடை 48.1, அதாவது குறைந்தது 49.

சிப்பில் 7 லட்சம் எஸ்.என்.பி. இருந்தால் 20 மெகாபேஸ் துண்டில் 5,000 இடங்கள் வரும். ஆயிரத்துக்கு ஒன்று பிழையாகவும், அவை வேறுபாடாகவும் தெரிந்தால், நடுவில் 5 பொய் வேறுபாடுகள். ஒன்றையும் அனுமதிக்காவிட்டால் ஒரு நீண்ட துண்டு ஆறாக உடைந்து, பழைய உறவு போல வேடமிட்டு நிற்கும். ஆழமற்ற வாசிப்பில் எதிர்ப்பிழையும் சேரும்: ஓர் இடத்தை 5 முறை மட்டும் படித்தால், 16-இல் ஒரு வாய்ப்பில் ஐந்தும் ஒரே பிரதியிலிருந்து வந்து, உண்மையான வேறுபாடு மறைந்துவிடும்.

அரிதான எஸ்.என்.பி.களையும், ஒன்றோடொன்று பிணைந்து சேர்ந்தே கடத்தப்படுபவற்றையும் முன்கூட்டியே களையும் பழக்கம் வேறு ஆய்வுகளுக்குச் சரி, இதற்குச் சரிவராது. அடர்த்தி குறைந்து, இருக்கும் துண்டுகளே தவறிப்போகும். சென்ட்ரோமியர் (குரோமோசோமின் இடுப்புப் பகுதி) போன்ற எஸ்.என்.பி. இல்லாத இடைவெளிகளைத் தாண்டி இரு துண்டுகள் ஒட்டிக்கொள்கின்றனவா என்றும் பாருங்கள். ஒரு பிரதி அறவே அழிந்த இடமும் ஒத்த துண்டு போலவே தோன்றும். சிக்னல் அளவு குறைந்திருக்கிறதா என்று பார்த்தால் குட்டு வெளிப்படும். ஆண்களின் எக்ஸ் குரோமோசோம் ஒரே பிரதிதான் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

மாடுகளுக்கான 50,000 எஸ்.என்.பி. சிப்பில் 4 மெகாபேஸுக்குக் குறைந்த துண்டுகள் மிகைப்பட்டுத் தெரியும். அதை வைத்துக்கொண்டு "பழங்கால உள்ளினச் சேர்க்கை" பற்றிப் பேசுவதை நான் ஏற்கவில்லை. நீண்ட துண்டுகளுக்கு அந்தச் சிப் போதும்.

வனவிலங்குகளில் நீளம் ஏன் முக்கியம் என்பதற்கு இரண்டு உயிரினங்களைச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஐல் ராயல் தீவு ஓநாய்களிடம் நீண்ட துண்டுகள் நிறைந்திருந்தன. முதுகெலும்புக் கோளாறுகளும் இருந்தன. கடைசியில் இரண்டே ஓநாய்கள் எஞ்சின. கலிபோர்னியா வளைகுடாவின் வாகிட்டா கடல்பன்றியிலும் மரபு வேறுபாடு மிகக் குறைவு, ஆனால் நீண்ட துண்டுகள் அதிகமில்லை. நெடுங்காலமாகவே சிறிய கூட்டமாக இருந்ததால், தீங்கான மாறுபாடுகளில் பல ஏற்கெனவே வடிந்துவிட்டன. வாகிட்டாவை அழிப்பது மரபணு அல்ல, மீன்பிடி வலை. மொத்த வேறுபாட்டை மட்டும் பார்த்து "இனி காப்பாற்ற முடியாது" என்று கைகழுவுவது பெரும் அநியாயம்.

மனிதரிலும் தீங்கான மாறுபாடுகள் இரட்டைப் பிரதியாக அமைவது நீண்ட துண்டுகளில்தான் விகிதத்தில் அதிகம். இயற்கைத் தேர்வு அவற்றைக் களைய இன்னும் அவகாசம் கிடைக்கவில்லை. அரிய நோய்க்குக் காரணமான மரபணுவைத் தேடும் மருத்துவர் முதலில் அங்கே தேடுவது சரியே. 1987-இல் மரபியலாளர்கள் லேண்டரும் பாட்ஸ்டைனும் முன்வைத்த வழி அது.

ஆகவே அறிக்கை எழுதுகிறவர்கள் துண்டுகளை 1–5, 5–10, 10 மெகாபேஸுக்கு மேல் என்று பிரித்து, எண்ணிக்கையையும் குரோமோசோமையும் பயன்படுத்திய மென்பொருள் அமைப்புகளையும் எழுத வேண்டும். குரோமோசோமைக் குறிப்பது அலங்காரத்துக்கு அல்ல. நீண்ட துண்டுகள் எல்லாம் ஒரே குரோமோசோமில் இருந்து, மற்றவை சுத்தமாக இருந்தால், அந்தக் குரோமோசோமின் இரு பிரதிகளும் தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்தே வந்திருக்கலாம். அது 15-ஆவது குரோமோசோமாக இருந்து, இரண்டும் தாயிடமிருந்து வந்தால் பிராடர்–வில்லி, தந்தையிடமிருந்து வந்தால் ஏஞ்சல்மேன் என்ற மரபு நோய். அங்கே பெற்றோரின் உறவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பெற்றோரின் மாதிரியையும் வாங்கி ஒப்பிட வேண்டும்.