விறகு விலைக்கு என் படகைக் கேட்காதீர்கள்

ராமேசுவரம் துறையில் என் மர விசைப்படகை விற்கப் போவதாகச் சொல்லி ஏழு மாதங்கள் ஆகிவிட்டன. பார்க்க வந்தவர்கள் இருபது பேருக்குக் குறையாது. எல்லோரும் முதலில் பக்கப் பலகையைத் தட்டிப் பார்க்கிறார்கள், பிறகு இன்ஜின் அறைக்குள் தலையை நீட்டி உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

சென்ற மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களில், படகைக் கரையேற்றி, உளுத்த பலகைகளை மாற்றி, இன்ஜினை முழுவதும் பிரித்துச் சேர்த்து, வண்ணம் பூச நான்கு லட்சம் ரூபாய் செலவழித்தேன். அதற்கான ரசீதுகளை நீட்டினால் வாங்கிப் பார்க்கக்கூட ஆளில்லை. பதினாறு லட்சம் என்றதும், "அண்ணே, உடைச்சா மரமும் இரும்பும்தான் மிஞ்சும், அஞ்சுக்கு முடிச்சுக்குவோம்" என்கிறார்கள். உடைப்பதற்காக வாங்குபவர், மீன்பிடிப் படகுக்கு அரசு தரும் மானிய டீசல் தன் பெயருக்கு மாறுமா என்று விசாரிப்பது எதற்கு? இதே படகைத்தான் அடுத்த மாதம் தொழிலுக்கு இறக்கப் போகிறார்கள், அது எனக்கும் தெரியும்.

சந்தை படுத்துக் கிடப்பதை நான் மறுக்கவில்லை. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாட்கள்தான் கடல். எல்லையோ கூப்பிடு தொலைவில் இருக்கிறது. இலங்கை 2017இல் கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவை மடியைத் தடைசெய்து, 2018இல் அயல்நாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பன்மடங்கு உயர்த்திய பிறகு, பிடிபட்ட படகு திரும்பும் என்ற நம்பிக்கை எங்களில் யாருக்கும் இல்லை. அந்த அச்சத்தில் விலை குறைவது நியாயம். அதனால்தான் நானே பன்னிரண்டு வரை இறங்கி வந்தேன். ஆனால் அந்த அச்சத்தையே சாக்காக்கி, கடன்பட்டவன் எப்படியும் பணிவான் என்று காத்திருப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒருவர் பதினொன்றரைக்கு ஒப்புக்கொண்டு பத்தாயிரம் முன்பணம் கொடுத்தார். வேறு யாருக்கும் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அந்த வார்த்தையை நம்பித் தேடி வந்த இருவரைத் திருப்பி அனுப்பினேன். நாற்பது நாட்கள் கழித்து வந்து, வீட்டில் சம்மதிக்கவில்லை என்று சொல்லி, முன்பணத்தையும் திருப்பிக் கேட்டார்! அந்த நாற்பது நாட்களும் இரவுக் காவலுக்குக் கூலி கொடுத்தவனும், அடியில் ஊறிய நீரை இறைத்தவனும், அடகு வைத்த நகைக்கு வட்டி கட்டியவனும் நான். நிலம் சும்மா கிடந்தால் நிலமாகவே இருக்கும். கடலில் சும்மா கிடக்கும் மரப்படகைப் புழு அரித்துவிடும்.

இனி வருபவர்கள் பலகையைத் தட்டுவதற்கு முன் தொகையைச் சொல்லட்டும். பத்துக்குக் கீழே கேட்பவர்களைப் படகில் கால் வைக்க விடமாட்டேன்.