ஈஜிஆரை அடை, பட்டையைக் கூட்டு: வேற வைத்தியமே தெரியாதோ?

வன்னியில டீசல் பிக்கப்புக்கு என்ன வருத்தம் வந்தாலும் கராச்சில ரெண்டே ரெண்டு வைத்தியம்தான். கறுப்புப் புகை தள்ளுதோ, எரிஞ்ச புகையில ஒரு பங்கைத் திரும்ப இஞ்சினுக்குள்ள விடுற ஈஜிஆர் வால்வுக்குத் தகடு வெட்டி அடை. பின்பக்கம் பதிஞ்சு போச்சோ, பாரம் தாங்குற வில்லுத் தகட்டில, அதுதான் பட்டையில, ஒண்டு கூட்டு. ஏன் புகைக்குது, ஏன் பதிஞ்சது எண்டு கேட்டால், "பழைய வண்டிதானே அண்ணை, அப்பிடித்தான்" எண்டு ஒரு விசர்ப் பதில். 2020 இல வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025 வரைக்கும் கதவைப் பூட்டி வைச்சிருந்த நாட்டில பழைய வண்டியைத் தவிர வேற என்னத்தை ஓடுறது?

கறுப்புப் புகை எண்டால் காத்துக் காணாது, இல்லாட்டி டீசல் கூட. இவ்வளவுதான் விஷயம். காத்து வாற வழியை முன்னால இருந்து பாத்துக்கொண்டு வந்தால் முக்கால்வாசிப் பிழை அதிலயே பிடிபடும். துணுக்காய், ஒட்டுசுட்டான் உள் றோட்டுக் கிறவல் புழுதிக்குள்ள ஓடுற வண்டிக்கு, புத்தகத்தில போட்டிருக்கிற கிலோமீற்றர்க் கணக்குக்கு எயார் பில்ரர் மாத்தினால் காணாது. அதுக்குள்ள கொம்பிரசரை முழுப் பிறசரில வைச்சு வெளிப்பக்கத்தால அடிக்கிறாங்கள்! புழுதி இன்னும் ஆழமாப் போய் இருக்கும், இல்லாட்டிக் கடதாசி கிழியும். கிழிஞ்ச பில்ரரால போற மண், காத்தை அமத்தி இஞ்சினுக்குள்ள தள்ளுற டேர்போவின்ர இதழைத் தேய்ச்சுப் போட்டுப் பிஸ்டன் றிங்குக்குப் போகும். உள்ளுக்கிருந்து வெளியாலதான் ஊதவேணும், 30 பிஎஸ்ஐக்கு மேல போகாமல்.

பேந்து, டேர்போ தள்ளுற காத்தை ஆத்துற இன்ரகூலருக்குப் போற றபர் குழாய். அது மடிப்பின்ர கீழ்ப்பக்கமாத்தான் வெடிக்கும், மேலால பாத்தால் தெரியாது. கையால தடவிப் பாருங்கோ. ஒயிலும் புழுதியும் சேர்ந்து கறுப்புக் களியா ஒட்டியிருந்தால் அதுதான் இடம். பாரத்தோட மிதிக்க "உஸ்" எண்ட சத்தம், இழுவை இல்லை, பின்னால புகை. ஒரு குழாயும் ரெண்டு கிளிப்பும் போட்டால் முடிஞ்சுது. அதைப் பாக்காமல் எடுத்த எடுப்பில டீசல் பீச்சுற இஞ்செக்டரைக் கழட்டச் சொல்லுறவைக்கு என்ன சொல்லுறது?

ஈஜிஆரை அடைச்சால் புகை குறையும், பொய் இல்லை. எமிஷன் சோதனையில டீசல் வண்டியை நியூற்றலில வைச்சு முழுசா மிதிச்சு, புகை எவ்வளவு கறுப்பு எண்டுதான் பாக்கினம். ஈஜிஆர் குறைக்கிறது நைதரசன் ஒட்சைட்டை. அதை அங்க அளக்கிறேல்லை, அதால ஆருக்கும் கவலையும் இல்லை. ஆனால் தகடு வைச்சாப் பிறகும் இஞ்சினுக்குக் காத்துப் போற மனிபோல்டுக்குள்ள படிஞ்ச கரி அங்கயேதான் கிடக்கு. கணினி உள்ள கன இஞ்சின்களில செக் லைற் வேற எரியத் தொடங்கும். உடன அந்த லைற்றையும் அணைச்சுத் தாறம் எண்டு இன்னொரு பில்!

ஈஜிஆர் வால்வைக் கழட்டிக் கழுவுறது வீட்டு முத்தத்தில செய்யக்கூடிய வேலை. இஞ்சின் ஆறட்டும், பற்றறி நெகற்றிவைக் கழட்டுங்கோ. ஈஜிஆர் கூலரையும் சேத்து எடுக்கிறதெண்டால் முதல்ல றேடியேற்றர்த் தண்ணியை இறக்க வேணும். மனிபோல்ட் வாயைத் துணியால அடைச்சுப் போட்டு, கரியை மரக்குச்சியால சுரண்டி, காபரேற்றர் கிளீனர் அடிச்சு ஊற விடுங்கோ. மோட்டர் இருக்கிற பக்கம் நனையக் கூடாது. முழு வால்வையும் டீசல் வாளிக்குள்ள அமத்தி எடுக்கிற கெட்டிக்காரர் இருக்கினம். சென்சர் செத்தால் புது வால்வுக்குக் காசு ஆர் தாறது? மனிபோல்டுக்குள்ள காத்தின்ர அமுக்கத்தை அளக்கிற மாப் சென்சரின்ர மூக்கும் கரியால மூடியிருக்கும், அதையும் துப்புரவாக்குங்கோ. அது அந்த அமுக்கத்தைப் பிழையாச் சொன்னால் கணினியும் டீசலைப் பிழையாத்தான் விடும். பூட்டேக்க புது காஸ்கட், பழசில சிலிக்கன் பூசுற வேலை வேண்டாம்.

3.0 லீற்றர் டி-4டி டீசல் இஞ்சின் உள்ள ரொயோட்டா ஹைலக்ஸ் வைச்சிருக்கிறவை இஞ்செக்டருக்குக் கீழ இருக்கிற செப்பு வாசரையும் மறக்காதேங்கோ. அது கசிஞ்சால் எரிஞ்ச காத்து ஒயிலுக்குள்ள போய்க் கரியாகி, ஒயில் உறிஞ்சுற வலையை அடைக்கும். அதோட இஞ்சின் போச்சு.

பட்டைக் கூத்து இதைவிட மோசம். நெல்லு மூட்டை 70 கிலோப்படி 15 மூட்டை எண்டால் 1,050 கிலோ. டபிள் கப் பிக்கப் பதியாமல் என்ன செய்யும்? பாரத்தைக் குறை எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம், தடிச்ச பட்டை ஒண்டை அடியில செருகிவிடுவினம். வெறுமையாத் திரும்பி வரேக்க பின் ரயர் நிலத்தில நிக்காமல் துள்ளும். ஹைலக்ஸ் மாதிரிப் பல பிக்கப்புகளில பின் அச்சில இருந்து ஒரு கம்பி மேல பிறேக் வால்வுக்குப் போகுது. பின்பக்கம் எவ்வளவு பதிஞ்சிருக்கெண்டு பாத்துத்தான் அந்த வால்வு பின் பிறேக்குக்கு அமுக்கம் விடும். பட்டை கூட்டி உயர்த்தினால், மேல ஒரு டன் நெல்லு இருந்தாலும் வண்டி வெறுமை எண்டு எடுத்து அமுக்கத்தைக் குறைச்சுப் போடும். அந்தக் கம்பியைத் திரும்பச் சரிப்பண்ணித் தாற கராச் எது? ஏ9 இல மாடு குறுக்க வரேக்கதான் இது விளங்கும்.

பட்டை மாத்தேக்க, பட்டைகளை நடுவில கோக்கிற சென்ரர் போல்ட்டின்ர தலை அச்சில இருக்கிற ஓட்டைக்குள்ள சரியா இருக்க வேணும். பட்டையை அச்சோட சேத்துக் கட்டுற யூ போல்ட்டின்ர நாலு நட்டையும் குறுக்கும் மறுக்குமா, கொஞ்சம் கொஞ்சமா, டோர்க் ஸ்பனரால இறுக்கி, பாரத்தோட ஒரு 500 கிலோமீற்றர் ஓடினாப் பிறகு திரும்ப இறுக்க வேணும். தளர்ந்தால் சென்ரர் போல்ட் முறியும், அச்சு இடம் மாறும். பட்டை நுனியை வண்டிச் சட்டத்தில கொளுவுற ஷக்கிள் போல்ட்டுகளை வண்டி ஜக்கில தொங்கேக்க இறுக்கவே கூடாது. ரயர் நிலத்தில ஊண்டி, பாரம் பட்டையில இறங்கினாப் பிறகுதான் கடைசி இறுக்கு. இல்லாட்டி றபர் புஷ் முறுகினபடி நிண்டு கிழியும். பேந்து "புஷ் சாமான் சரியில்லை" எண்டு கடைக்காரனுக்குப் பேச்சு!

ஒருக்கா இழுபட்ட யூ போல்ட்டைத் திரும்பப் போடக்கூடாது, புதுசுதான். பில்லில புதுசு எண்டு எழுதியிருந்தால் கழட்டின பழசைக் கையில கேட்டு வாங்குங்கோ. தராமல் மழுப்பினால் அங்கயே குனிஞ்சு கீழ பாருங்கோ, கறள் பிடிச்ச பழசுதான் பூட்டியிருக்கும்.