கஷ்டத்தில் திரும்பி வருகிறவரை எப்படி வரவேற்கிறோம்?

மும்பைத் தமிழ்ச் சபைகளில் ஒருவர் ஆண்டவரோடு சண்டை போட்டுக்கொண்டு விலகிப் போவது அபூர்வம். முதலில் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் வரும். பிறகு தாராவி வாடகை கட்டுப்படியாகாமல் தூரத்துப் புறநகரான நாலாசோப்பாராவுக்கோ பத்லாப்பூருக்கோ குடிபோவார்கள். ஞாயிறு என்றால் லோக்கல் ரயிலில் மெகா பிளாக், தண்டவாள வேலைக்காக ரயில்களைக் குறைத்துவிடுவார்கள், கைக்குழந்தையோடு யார் கிளம்புவது? யூடியூபில் ஆராதனை பார்ப்பார்கள், கொஞ்ச நாளில் அதுவும் நின்றுபோகும். இப்படிப் போனவர் சில வருஷம் கழித்து ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டோடோ, வேலை போன கடிதத்தோடோ சபை வாசலில் வந்து நிற்கிறார்.

"கஷ்டம் வந்தாத்தான் கர்த்தர் ஞாபகம் வருது" என்று அவர் காதுபடவே பேசுகிறோம். தயவுசெய்து இதை நிறுத்துவோம். லூக்கா 15-இல் வீட்டை விட்டுப் போய்ச் சொத்தை அழித்துப் பட்டினி கிடந்த இளைய குமாரன் அப்பாவின் மேல் பாசம் பொங்கியா எழுந்தான்? கூலிக்காரருக்குக்கூட அங்கே வயிறாரச் சாப்பாடு இருக்கிறது என்றுதான் கணக்குப் போட்டான். தகப்பன் அதைக் கிளறவே இல்லை, ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். "தங்கள் ஆபத்தில் என்னைக் கருத்தாய்த் தேடுவார்கள்" என்று ஓசியா 5:15-இல் கர்த்தரே சொல்லியிருக்கிறார். அவருக்கு இல்லாத கௌரவக் குறைச்சல் நமக்கு எதற்கு?

இதைவிட ஆழமாகக் காயப்படுத்துவது இன்னொரு பேச்சு: "உங்களைத் திருப்பிக் கொண்டுவரத்தான் கர்த்தர் இந்த வியாதியை அனுமதிச்சார்." ஆதாரமாக சங்கீதம் 119:71-ஐக் காட்டுவார்கள். "நான் உபத்திரவப்பட்டது எனக்கு நல்லது" என்பது பாடுபட்டவனே பின்னால் திரும்பிப் பார்த்துச் சொன்னது. பக்கத்தில் நிற்கிறவன் அதை எடுத்து அடுத்தவர் தலையில் வைக்கக் கூடாது. பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர் 7 நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்கள். காரணம் சொல்லத் தொடங்கினார்கள், கடைசியில் கர்த்தருடைய கோபம் அவர்கள் மேல்தான் மூண்டது. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே சொல்லிவிட்டார். பரேல் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் பிள்ளைக்குக் கீமோ கொடுத்துக்கொண்டிருக்கும் தாயிடம் போய்க் காரணம் சொல்லாதீர்கள்.

அப்படியானால் முதலில் என்ன செய்வது? 1 இராஜாக்கள் 19-ஐப் படியுங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் சாக வேண்டும் என்று படுத்துவிட்டான். தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்க விட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்று கர்த்தர் கேட்டது அவன் ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான். ஆகவே முதல் வாரம் அந்த வீட்டுக்கு டிபன் கேரியர் போகட்டும். ஆஸ்பத்திரி வரிசையில் டோக்கன் எடுக்க இந்தி பேசத் தெரிந்த ஒரு தம்பி கூடப் போகட்டும். தூக்கமே இல்லாமல் தவிக்கிறவரை முழு இரவு ஜெபத்துக்கு இழுக்காதீர்கள். இன்சுலின் போடுகிறவரை 3 நாள் உபவாசத்தில் உட்கார வைத்தால் சர்க்கரை இறங்கி மயங்கி விழுவார்.

ஜெபிக்க வாய் வரவில்லை என்பார்கள். சங்கீதம் 13 போதும், 6 வசனம்தான். முதல் 2 வசனம் முறையீடு, "எதுவரைக்கும்" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது. அடுத்த 2 விண்ணப்பம். கடைசி 2 நம்பிக்கை. பலருக்கு முதல் 2 வசனத்தைத் தாண்ட முடியாது. தாண்டச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள், அங்கேயே நின்று ஜெபிக்கட்டும். துதித்தால் சரியாகிவிடும் என்று முறையீட்டைத் தாண்டிக் குதிக்க வைக்கும்போதுதான் ஜெபம் நடிப்பாகிவிடுகிறது.

பண விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பயத்தில் பண்ணும் பொருத்தனை, அதாவது நேர்ந்துகொள்வது, பேரமாகிவிடும். வாடகை பாக்கி, லோன் ஆப் கடன், ஊரில் அம்மாவுக்கு அனுப்ப வேண்டிய பணம் எல்லாம் நிற்கும்போது காணிக்கையாக மோதிரத்தைக் கழற்றுகிறவரை ஊழியக்காரர்தான் தடுக்க வேண்டும். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் கொர்பான் என்று சொல்லித் தேவனுக்கு ஒதுக்கியவர்களை இயேசு கண்டித்தார் (மாற்கு 7:11). மருந்தும் அப்படியே. சாகக் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு 15 வருஷம் ஆயுசு கூட்டித் தருவதாகக் கர்த்தர் வாக்குக் கொடுத்த பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையை அவனுடைய பிளவையின்மேல் (கட்டியின்மேல்) பற்றுப்போடச் சொன்னான். எண்ணெய் பூசி ஜெபியுங்கள், மாத்திரையை நிறுத்தச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை.

போதகர்களிடம் ஒரு வேண்டுகோள். திரும்பி வந்தவரை மறு ஞாயிறே சாட்சி சொல்ல மேடையேற்றாதீர்கள், 6 மாதமாவது பொறுங்கள். மேடைச் சாட்சிக்கு நல்ல முடிவு வேண்டியிருக்கிறது. அடுத்த ஸ்கேனில் கட்டி மறுபடி தெரிந்தால், "சுகமானேன்" என்று மைக்கில் சொன்னவர் எந்த முகத்தோடு உள்ளே வருவார்? வெட்கத்திலேயே நின்றுவிடுவார், இந்த முறை கூப்பிட்டாலும் வரமாட்டார். சங்கீதம் 88 இருளில்தான் முடிகிறது, ஆறுதலாக ஒரு வரிகூடக் கடைசியில் இல்லை. அதையும் ஞாயிறு ஆராதனையில் ஒரு நாள் வாசியுங்கள்.