ஆட்டிசம் உள்ளவர்கள் எல்லாரும் குழந்தைகளா?

"ஆட்டிசம் உள்ளவர்களுக்காக தியேட்டரில் சிறப்புக் காட்சி" என்று எங்காவது செய்தி வந்தால் போதும், உடனே எனக்கு நாலு பேர் அனுப்பிவிடுவார்கள். அக்கறை புரிகிறது, நன்றியும் உண்டு. திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான்: விடுமுறை நாள் காலை, அனிமேஷன் படம், வாசலில் பலூன். (பலூன் வெடித்தால் என்ன ஆகும் என்று யாருமே யோசிக்கவில்லை போல!) ஆட்டிசம் உள்ள என் தம்பிக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. அவனுக்குப் பிடித்தது துப்பறியும் படங்கள்.

சிறப்புக் காட்சிகளைக் குறை சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் ஏஎம்சி தியேட்டர்கள் ஆட்டிசம் சொசைட்டியோடு சேர்ந்து 2007-லேயே இதை ஆரம்பித்தார்கள். விளக்கை முழுசாக அணைப்பதில்லை, சத்தம் குறைவு, எழுந்து நடக்கலாம், கூடவே பாடலாம். 2011 அக்டோபரில் டிடிஎஃப் என்ற நாடக அமைப்பு 'லயன் கிங்' இசை நாடகத்தின் ஒரு காட்சியை ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் என்றே நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் நடத்தியது. அதுவரை நாடகம் பக்கமே போக முடியாமல் இருந்த குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

என் வருத்தம் வேறு. அந்த ஒரு காட்சியைப் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று ஆகிவிடுகிறது. மற்ற நாட்களில், மற்ற படங்களுக்கு, அவன் வர மாட்டான் என்றே எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். வழக்கமான காட்சிகளே கொஞ்சம் இளகிக் கொடுத்தால் அவனுக்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

சத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தியேட்டர் ஒலிக் கருவியில் 0 முதல் 10 வரை ஓர் அளவு உண்டு. 7 என்பது தரநிலை. அதை 5-க்கு இறக்கினால் ஏறக்குறைய 6, 7 டெசிபல் குறையும். வசனம் புரியும், வெடிச்சத்தம் நெஞ்சில் இடிக்காது. சரி, அது ஒரு பக்கம். ஆனால் என் தம்பியைக் கவனித்ததில் எனக்குப் புரிந்தது, சத்தத்தைவிட அது திடீரென்று வருவதுதான் அவனை உலுக்குகிறது. பிடித்த படத்துக்கு இரண்டாம் முறை போகும்போது பாருங்கள்: துப்பாக்கி வெடிப்பதற்கு இரண்டு நொடி முன்னால் சரியாகக் காதைப் பொத்திக்கொள்வான், முடிந்ததும் கையை எடுத்துவிட்டுச் சாவகாசமாகப் பார்ப்பான். அதே சத்தம்தான், அதே ஆள்தான். முதல் முறை அதே இடத்தில் எழுந்து ஓடியவன்.

அதனால்தான் முன்கூட்டியே சொல்லுங்கள் என்று கேட்கிறேன். எத்தனையாவது நிமிடத்தில் பெரிய சத்தம், எங்கே விளக்கு வெட்டி வெட்டி மின்னுகிறது, இடைவேளை எப்போது என்று ஒரே ஒரு பக்கம் போதும். அமெரிக்காவில் கேரல் கிரே என்ற ஆசிரியர் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உருவாக்கிய 'சோஷியல் ஸ்டோரி' முறை இதற்கு ரொம்ப உதவும். போகப்போகிற இடத்தில் என்னவெல்லாம் நடக்கும் என்று எளிய வரிகளில் முன்பே சொல்லிவைப்பதுதான் அது. வாசல், டிக்கெட் கவுன்ட்டர், இருக்கை என்று படங்களோடு இப்படி ஒரு கையேட்டைச் சில நாடக அரங்குகள் தங்கள் இணையதளத்திலேயே வைத்திருக்கின்றன.

அப்புறம் இந்த நேரக் கணக்கு. 6.30 காட்சி என்றால் அவனுக்கு 6.30-க்குப் படம் தொடங்க வேண்டும். இருபது நிமிடம் விளம்பரம் ஓடினால் நாம் போனை நோண்டிக்கொண்டு இருப்போம். அவனைப் பொறுத்தவரை யாரோ பொய் சொல்லிவிட்டார்கள். படம் ஆரம்பிக்கும் முன்பே பொறுமை தீர்ந்து போயிருக்கும். விளம்பரம் வேண்டாம் என்று கேட்கவில்லை. படம் தொடங்கும் உண்மையான நேரத்தை டிக்கெட்டில் அச்சடியுங்கள்.

கழிப்பறையில் கை உலர்த்தும் கருவியை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. கனடாவில் ஒரு பள்ளி மாணவி இந்தக் கருவிகளை அளந்து பார்த்து, அவற்றில் சில 100 டெசிபலைத் தாண்டுகின்றன என்று காட்டினார்; 2019-இல் அது ஒரு குழந்தை மருத்துவ இதழில் வெளிவந்தது. படம் முழுக்கச் சமாளித்துவிட்டுக் கழிப்பறையில் நிலைகுலைந்து போனவர்கள் உண்டு. ஒரு கட்டுக் காகிதத் துண்டு வைத்தால் முடிந்தது.

இனி சக பார்வையாளர்கள். 2015-இல் பிராட்வேயில் ஓர் இசை நாடகம் நடக்கும்போது ஆட்டிசம் உள்ள சிறுவன் ஒருவன் சத்தமிட்டான். கூட்டத்தில் சிலர் அவன் தாயைத் திட்டினார்கள். அன்று மேடையில் இருந்த நடிகர் கெல்வின் மூன் லோ, முகநூலில் அந்தத் தாயின் பக்கம் நின்று எழுதினார். தொந்தரவு மேடையில் இருந்தவருக்கும்தானே? அவருக்கே அது பொறுக்கக்கூடியதாக இருந்திருக்கிறது.

"நாங்களும் காசு கொடுத்துத்தானே வந்திருக்கிறோம்" என்பதையும் நான் ஒதுக்கித் தள்ளவில்லை. அமைதி வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். சொல்லப்போனால் ஆட்டிசம் உள்ளவர்களிலேயே பலருக்கு அது எல்லாரையும்விட அதிகமாகத் தேவை. பக்கத்து இருக்கைப் பையின் சரசரப்பே சிலருக்குச் சித்திரவதை. எல்லாரும் நடமாடலாம் என்கிற காட்சி அவர்களுக்குச் சரிப்படாது. முழு இருட்டும் அசையாத கூட்டமும்தான் வேண்டும். ஆக, ஒரே ஒரு சிறப்புக் காட்சியை வைத்து எல்லாரையும் திருப்திப்படுத்த முடியாது என்பதற்கு இதுவே சாட்சி. லண்டன் பேட்டர்ஸி ஆர்ட்ஸ் சென்டர் 2020-இல் கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் 'ரிலாக்ஸ்டு' அணுகுமுறையை மொத்த அரங்கத்துக்கும் கொண்டுவந்தது. எழுந்து போகலாம், திரும்பி வரலாம், குரல் எழுந்தால் யாரும் முறைக்கக் கூடாது. ஒரு நாள் கூத்தாக இல்லாமல் அங்கே அதுவே வழக்கம். நான் கேட்பதும் இந்த மாதிரிதான்.

திரும்பி வரும் உரிமை சின்ன விஷயம் இல்லை. ஒரு முறை தம்பி வெளியே போய்ப் பத்து நிமிடம் நடந்து ஆசுவாசமாகி வந்தான். வாசலில் இருந்தவர் டிக்கெட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு நிறுத்தி வைத்ததில், வெளியே போய்த் தேற்றிக்கொண்டதெல்லாம் வீணாகிவிட்டது. ஊழியர்களுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தால் தீர்கிற சங்கதி.

டிக்கெட் எடுக்கும்போது இருக்கை தேர்ந்தெடுக்கும் வரைபடத்தையும் கொஞ்சம் பாருங்கள். கடைசி வரிசை ஓரம் எடுத்தால் வாசல் பக்கம் என்று நினைப்போம். போய் உட்கார்ந்தால் தலைக்கு மேலேயே சரவுண்ட் ஸ்பீக்கர். சக்கர நாற்காலிக்கு அந்த வரைபடத்தில் ஏற்கெனவே ஒரு குறி இருக்கிறது. ஸ்பீக்கருக்கு ஒன்று, வெளியே போகும் வழிக்கு ஒன்று என்று இன்னும் ரெண்டு குறி சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்?