பிள்ளைக்கு முயற்சிக்கும் முன்பே மருத்துவரிடம் மாத்திரைகளைக் காட்டுங்கள்

டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துச் சொந்தங்களே, "நாள் தள்ளிப்போகட்டும், அப்புறம் கிளினிக்குப் போகலாம்" என்று இருந்துவிடாதீர்கள். கரு உருவாகி 28 நாளுக்குள் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் தண்டுவடக் குழாய் மூடிவிட வேண்டும். மூடாத இடத்தில் முதுகெலும்பின் வளையமும் சேராது. அதற்குள் மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும்.

அது மூடாமல் போவதைத் தடுக்க ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் தேவை. 2003 அக்டோபரிலிருந்து நம் தென்னாப்பிரிக்காவில் மீலி மீல் என்ற மக்காச்சோள மாவிலும் கோதுமை மாவிலும் சட்டப்படி சேர்க்கிறார்கள். அரிசியில் கிடையாது! சோறே பிரதானமான வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு குறைவாகத்தான் கிடைக்கும். ஆகவே கருத்தரிக்க ஒரு மாதம் முன்பிருந்தாவது தினம் 400 மைக்ரோகிராம் எடுங்கள். சர்க்கரை நோயோ வலிப்போ இருந்தால் மருத்துவர் 5 மில்லிகிராம் எழுதுவார். சர்க்கரை உள்ளவர்கள் மூன்று மாத சராசரியை (HbA1c) 6.5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்த பிறகு முயற்சிப்பதே நல்லது. முதல் வாரங்களில் சர்க்கரை ஏறிக் கிடந்தால் முதுகெலும்பின் அடிப்பகுதி வளராமலே போகலாம். அரிதுதான், ஆனால் இவர்களுக்கு ஆபத்து பல மடங்கு.

மாத்திரைகளில் எனக்குப் பெரிய கவலை, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின். இதய வால்வு மாற்றிய இளம்பெண்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். குருத்தெலும்பில் கண்ட இடத்தில் சுண்ணாம்பு படியாமல் ஒரு புரதம் காக்கிறது. அது வேலை செய்ய வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் அதைத் தடுக்கிறது. கர்ப்பத்தின் 6 முதல் 12 வாரத்துக்குள் இது நடந்தால் குழந்தையின் மூக்கெலும்பு அமுங்கிவிடும், எக்ஸ்ரேயில் எலும்பு முனைகளில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அளவு கூடினால் ஆபத்தும் கூடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மருந்தான ஹெப்பரின் நஞ்சுக்கொடியைத் தாண்டாது. ஆனாலும் நீங்களாக மாற்றாதீர்கள். வால்வில் இரத்தம் உறைந்தால் தாயின் உயிரே போகும். இதய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வலிப்புக்கான வால்புரோயேட் அதைவிட மோசம்: நூற்றில் பத்துக் குழந்தைகளுக்குப் பிறவிக் குறை, முதுகெலும்புப் பிளவும் அதில் ஒன்று. பெரும்பாலோருக்கு லமோட்ரிஜின், லெவெடிராசெட்டம் என்று வேறு வழி உண்டு. வால்புரோயேட்டையும் திடீரென நிறுத்தக்கூடாது. எச்ஐவி மருந்தை எக்காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாது.

கால்சியம் வேறு கதை. குழந்தை பிறப்பதற்குள் சுமார் 30 கிராம் சேர்த்துக்கொள்ளும், பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில். தாயின் சாப்பாட்டில் போதாவிட்டால் அவள் எலும்பிலிருந்து எடுக்கும். கிளினிக்கில் தரும் கால்சியத்தை இரும்பு மாத்திரையோடு சேர்த்து விழுங்காதீர்கள், இரும்பு உடம்பில் சரியாக ஏறாது. காலையில் இரும்பு, மத்தியானச் சாப்பாட்டோடு கால்சியம், நடுவில் நாலு மணி நேரம். இரும்பு போட்ட கையோடு டீயும் வேண்டாம்.