காசு கொடுத்துச் சாப்பிட்டவள் கருத்துச் சொல்லக் கூடாதா?

ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரியாணிக் கடையைப் பற்றி நான் போட்ட பதிவைப் படித்திருப்பீர்கள். படிக்காதவர்களும் அதை யாராவது படம் எடுத்துப் போட்டுத் திட்டியதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் முழுக்கதையையும் திரும்ப எழுதப் போவதில்லை. கடையின் பெயரை அன்றும் எழுதவில்லை, இன்றும் எழுத மாட்டேன். பெயர் இல்லாமலே யாருக்குப் புரிய வேண்டுமோ அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

நான் எழுதியது மிகக் கொஞ்சம். வாசலில் ஆம்பூர் பிரியாணி என்று பலகை, தட்டில் வந்தது பாஸ்மதி அரிசி. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் நகக்கண்ணில் ஆரஞ்சு நிறம் ஒட்டிக்கொண்டு போகவில்லை. தொட்டுக்கொள்ள வைத்த கத்தரிக்காய் ஊசிப்போயிருந்தது. புளியின் புளிப்பு வேறு, கெட்டுப்போனதன் புளிப்பு வேறு. கிண்ணத்தின் ஓரத்தில் நுரை கட்டியிருந்தது. பரிமாறிய தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு வார்த்தை பேசாமல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார். வேறு கிண்ணம் வந்தது. அதே வாளியிலிருந்து அதே கரண்டியால் ஊற்றிக்கொண்டு வந்ததை நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தேன். பில்லை முழுதாகக் கட்டிவிட்டு வந்தேன். இவ்வளவுதான் எழுதியிருந்தேன்.

அதற்கு எத்தனை பேர் வரிந்துகட்டிக்கொண்டு வந்தார்கள்! "நீங்கள் என்ன சமையல் கலை படித்தவரா?" "போட்டிக் கடைக்காரர் எவ்வளவு கொடுத்தார்?" "பிடிக்கவில்லை என்றால் போகாமல் இருக்க வேண்டியதுதானே, எதற்கு ஒருவன் பிழைப்பைக் கெடுக்கிறீர்கள்?" இவற்றுக்கெல்லாம் பொறுமையாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியாக ஒருவர் எழுதியது வேறு ரகம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்துச் சாப்பிட்டவருக்குச் சாப்பாடு எப்படி இருந்தது என்று சொல்லும் உரிமை உண்டு. அதற்குப் பட்டம் தேவையில்லை, யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. தையல் தெரியாதவர் சட்டைக் கை குட்டையாக இருக்கிறது என்று சொல்லக் கூடாதா?

பட்டம்தான் இல்லை, பழக்கம் இருக்கிறது. நான் வேலூர்க்காரி. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் வேலூர், ஆம்பூர், ஆற்காடு எல்லாம் சேர்ந்து வட ஆற்காடு என்று ஒரே மாவட்டம். 1989-இல் திருவண்ணாமலை தனியாகப் போனது. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. கணக்குப்படி ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம், ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டம். ஆனாலும் விருந்தாளி வந்தால் வேலூர்க்காரர்கள் ஆம்பூர் பிரியாணியையும் ஆற்காடு மக்கன் பேடா இனிப்பையும் நம் ஊர்ப் பண்டம் என்றுதான் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெருமை இருப்பதால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

ஆம்பூர் பிரியாணிக்கு என்று ஒரு முறை இருக்கிறது. அரிசி சீரகச் சம்பா. நிறமும் காரமும் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதிலிருந்து வர வேண்டும். அரிசியைத் தனியாக முக்கால் பதம் வேகவைத்து, வடித்து, இறைச்சியோடு சேர்த்து மூடி, மூடிமேல் தணலைப் போட்டுத் தம்மில் விடுவார்கள். பட்டை, கிராம்பு வாசனை தூக்கலாக இருக்காது. ஒரு பிடி எடுத்தால் அரிசி உதிரியாகவும் இருக்கும், இறைச்சியின் சாறும் அதில் ஏறியிருக்கும். தொட்டுக்கொள்ளப் புளிவிட்ட கத்தரிக்காயும் வெங்காயத் தயிர்ப் பச்சடியும். இதில் ஆரஞ்சுப் பொடிக்கு எங்கே இடம்? பிரியாணியில் செயற்கை நிறம் சேர்க்க உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் இடமில்லை. பாஸ்மதியில் செய்வது குற்றமில்லை. பாஸ்மதி பிரியாணி என்று பலகை வைத்து விற்கட்டும், நானே வாங்கிச் சாப்பிடுவேன். ஆம்பூர் பெயரை எதற்கு இழுக்க வேண்டும்?

அந்தக் கத்தரிக்காயை நினைத்தால்தான் மனம் ஆறவில்லை. இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் விளைகிற மண் இது. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. காம்பில் முள் குத்தும், உள்ளே சதை வெண்ணெய்போல இருக்கும். கூப்பிடு தூரத்தில் அப்படி ஒரு காய் விளையும்போது, ஊசிப்போனதை வாளியில் வைத்து ஊற்றுகிறவரைப் பற்றி ஒரு வரி எழுதினால் நான் ஊருக்குத் துரோகியா?

'சுவை ஆளுக்கு ஆள் மாறும்' என்று ஓர் அண்ணன் மிக நிதானமாக எழுதியிருந்தார். உப்பும் காரமும் ஆளுக்கு ஆள் மாறும் அண்ணா. கெட்டுப்போனது எல்லோருக்கும் கெட்டுப்போனதுதான்.

போட்டிக் கடைக்காரரிடம் காசு வாங்கினேன் என்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. இந்தக் கடை திறந்த வாரத்தில் வீடியோ எடுக்கக் கைப்பேசியும் விளக்குமாக வந்து "வேற லெவல்" என்று கண்ணை மூடித் தலையாட்டியவர்களிடம் நீங்கள் பில் கேட்டீர்களா? இலவசமாகவோ காசுக்கோ ஒன்றைப் புகழ்ந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அவர்களை யாரும் கேட்கவில்லை. என் பில் என்னிடம் இருக்கிறது. ஆனாலும் சந்தேகம் என் பக்கம்தான் திரும்புகிறது. புகழ்கிறவர் எல்லாம் நல்லவர், குறை சொல்கிறவர் எல்லாம் விலைபோனவர் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

சின்னக் கடைக்காரர் வயிற்றில் அடிக்கிறேன் என்ற பேச்சு மட்டும் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. கடை நடத்துவதன் கஷ்டம் எனக்குத் தெரியாமலில்லை. வணிக சிலிண்டர் விலை, வாடகை, ஆள் கிடைக்காத திண்டாட்டம், வெங்காயம் ஏறினால் ஏறுகிற செலவு எல்லாம் உண்மை. அதனால்தான் பெயர் எழுதவில்லை. ஆனால் குளிர்சாதனமும் கண்ணாடிச் சுவரும் போட்டு நடத்துவது சின்னக் கடையா?

சின்னக் கடை என்றால் சத்துவாச்சாரியில் எங்கள் தெருமுனையில் இட்லி விற்கும் அக்காவின் தள்ளுவண்டி. ஒருநாள் தேங்காய்ச் சட்னி லேசாக மாறியிருந்தது. மெதுவாக அவர் காதில் சொன்னேன். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது. அந்த ஏனம் முழுவதையும் அப்படியே கீழே கொட்டிவிட்டு, காத்திருந்தவர்களிடம் "காரச் சட்னி மட்டும்தான் இருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார். அவருக்கு அது எத்தனை தேங்காயின் காசு! இரண்டு நிமிடத்தில் செய்தார். தொழிலில் இருக்கிறவருக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆகவே சின்னவர், பெரியவர் என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். குறை சொன்னால் காது கொடுத்துக் கேட்கிறார்களா என்பதுதான் எனக்கு முக்கியம்.

நான் நல்லதை எழுதுவதே இல்லை என்றும் ஒருவர் சொல்லியிருந்தார். என் பக்கத்தைக் கொஞ்சம் கீழே தள்ளிப் பாருங்கள். காட்பாடியில் முறுகல் தோசைக்கு வடகறி தரும் கடையைப் பற்றி எழுதியிருக்கிறேன். ராணிப்பேட்டையில் என் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் மெஸ்ஸின் மிளகு ரசத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன். கொதிக்கும் சாம்பாரை மெல்லிய பிளாஸ்டிக் பையில் கட்டித் தருகிறவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். அந்தப் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை, இன்னும் கட்டித் தருகிறார்கள். நல்லது எழுதியபோது யாரும் வந்து என் படிப்பைக் கேட்கவில்லை.

அப்பாவை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது காந்தி ரோட்டுப் பக்கம்தான் எங்கள் சாப்பாடு. வீடு பக்கம்தான், ஆனாலும் போய்ச் சமைத்து எடுத்துவர நேரமிருக்காது. அந்தத் தெரு உங்களுக்குத் தெரியும். வங்காளம், அசாம், ஜார்க்கண்ட், பங்களாதேஷ் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள். பலகைகளில் பாதி வங்காளி எழுத்து. ஒரு சந்துக்குள் வங்காளிச் சாப்பாட்டுக் கடை ஒன்று. அன்றுவரை கடுகெண்ணெய் வாசனையே எனக்கு ஆகாது. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன். தண்ணீராக மசூர் பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல், ஒரு துண்டு மீன் குழம்பு. பசியோடு சாப்பிட்டேன் என்பதற்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே நன்றாக இருந்தது. பார்சல் கேட்டதும் கடைக்காரர் "பேஷண்ட்டுக்கா?" என்றார். தலையாட்டினேன். சோற்றை இன்னும் குழைய வைத்து, மிளகாய் போடாத பருப்பைத் தனியாக ஊற்றி, மூடியைத் துடைத்துக் கொடுத்தார். அதற்கு அதிகமாக ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. அவருக்கும் எனக்கும் பேச ஒரு பொது மொழி இல்லை. சாப்பிடுகிறவர் யார், எதற்காகச் சாப்பிடுகிறார் என்று பார்த்துப் பரிமாறினார். ஊசிப்போன கத்தரிக்காயை அதே வாளியிலிருந்து மறுபடி ஊற்றுகிறவரோடு இவரை ஒரே தட்டில் வைத்து இரண்டுமே ஹோட்டல்தான் என்று நான் எப்படிச் சொல்வேன்? வித்தியாசத்தைச் சொல்லாவிட்டால் இவருடைய உழைப்புக்கு என்ன மரியாதை?

இப்போது அந்தக் கடைசி மறுமொழிக்கு வருகிறேன். "வீட்டில் அடுப்புப் பற்றவைக்காத பெண்கள்தான் ஹோட்டல் ஹோட்டலாக அலைந்துவிட்டு இப்படி எழுதுவார்கள்." எழுதியவர் எங்கள் சொந்தத்தில் தூரத்து மாமா முறை. கீழே சிரிக்கும் பொம்மை போட்டவர்களில் என்னோடு படித்தவர்களும் இருக்கிறார்கள்.

மாமா, அன்று காலையில் ஐந்து பேருக்குப் பொங்கலும் சாம்பாரும் செய்துவைத்துவிட்டுத்தான் அந்தக் கடைக்குப் போனேன். இதைச் சொல்ல வேண்டியிருப்பதே எனக்கு வலிக்கிறது. சமைத்திருக்காவிட்டால் என் நாக்கு பொய் சொல்லுமா? இதே பதிவை என் கணவர் எழுதியிருந்தால் அவருடைய அடுப்பைப் பற்றி யாராவது கேட்டிருப்பீர்களா? "சாப்பாட்டு ரசனை உள்ளவர்" என்று பாராட்டியிருப்பீர்கள்.

நம் ஊரில் ஒரு பெண் தனியாக ஹோட்டலுக்குள் நுழைந்து பாருங்கள். "கூட யாராவது வருகிறார்களாம்மா?" என்றுதான் முதல் கேள்வி. இல்லை என்றால் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசையைக் காட்டுவார்கள். வாய் கொப்பளிக்கிறவர்களின் சத்தத்துக்கு நடுவே சாப்பிட வேண்டும். இலையில் பாதி இருக்கும்போதே "அவ்வளவுதானேம்மா?" என்று பில் வந்துவிடும். எல்லாக் கடையிலும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு இது புதிதில்லை, இதைப் படிக்கிற பெண்களுக்கும் புதிதில்லை.

என் அம்மா வாழ்நாள் முழுவதும் பரிமாறினார். எல்லோரும் எழுந்த பிறகு, மிஞ்சியதை அடுப்பங்கரையில் உட்கார்ந்து சாப்பிடுவார். அவர் சமையலில் உப்புக் குறைந்தால் வீட்டில் எல்லோருக்கும் வாய் உண்டு. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனவர்களையும் பார்த்திருக்கிறேன். அம்மா மட்டும் இன்னொருவர் சமையலைப் பற்றி ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்கு யாரும் சமைத்துப் போட்டதே இல்லையே, எங்கிருந்து சொல்வார்? பெண் சமைத்ததை யார் வேண்டுமானாலும் குறை சொல்லலாம், பெண் மட்டும் எதையும் குறை சொல்லக் கூடாது என்ற வழக்கத்தை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். நான் சம்பாதிக்கிறேன், என் காசில் சாப்பிடுகிறேன், நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்பேன், கெட்டிருந்தால் கெட்டிருக்கிறது என்பேன். மாமா முறை என்பதற்காக வாயை மூடிக்கொள்ள மாட்டேன்.

நேற்று மாலை கடைத் தரப்பிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். மரியாதையாகத்தான் பேசினார், அதைச் சொல்லியாக வேண்டும். "பதிவை எடுத்துவிடுங்கள் மேடம், குடும்பத்தோடு ஒருநாள் வாருங்கள், பில் வேண்டாம்" என்றார். கத்தரிக்காய் ஏன் அப்படி இருந்தது என்று கேட்டேன். "அதை விடுங்கள் மேடம்" என்றார். விட முடியாது சார் என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் கேட்டதற்குப் பதில் சொல்லியிருந்தால், அன்றே தயாரித்த கத்தரிக்காயை மட்டும்தான் இனி வைப்போம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அதையும் இங்கேயே சந்தோஷமாக எழுதியிருப்பேன்.

பதிவு அப்படியே இருக்கும். அரிசி, நிறம், கத்தரிக்காய் பற்றிப் பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்வேன். என் அடுப்பைப் பற்றிப் பேச வருகிறவர்களை, சொந்தமானாலும், நீக்கிவிடுவேன்.