பெட்டியைச் சுற்றி நின்றவர்கள்

மூன்று வாரங்களாக அம்மாவின் தகரப் பெட்டியில் இருந்த பழைய புகைப்படங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறேன். பினாங்கின் ஈரக்காற்று பல படங்களில் பூஞ்சை பூக்க வைத்துவிட்டது. அதைவிடப் பெரிய கேடு, எழுபதுகளில் ஆசையாக வாங்கிய ஒட்டும் ஆல்பங்கள். பசை பழுப்புக் கோடுகளாகப் படத்துக்குள் இறங்கியிருக்கிறது. அக்கா முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படத்தில் சாயம் வெளிறி எல்லாரும் செம்மண் நிறத்தில் நிற்கிறார்கள். வெள்ளித் துகளால் உருவான கறுப்பு வெள்ளைப் படங்கள் மட்டும் இன்னும் தெளிவாக இருக்கின்றன.

அவற்றில் பதினொன்று சாவு வீட்டுப் படங்கள்.

நம் பெரியவர்கள் எடுத்துக்கொண்ட படங்களை அறிவீர்கள். வாசலில் திறந்த சவப்பெட்டி, தலைமாட்டில் சிலுவையில் தொங்கும் இயேசுவின் பாடுபட்ட சுரூபம், இருபுறமும் சொந்தங்கள். ஊரிலிருந்து கப்பலேறி வரமுடியாத உறவினர்களுக்கு அனுப்புவதற்காகவே ஒரு பிரதி கூடுதலாகப் போடுவார்களாம். பாட்டியின் படத்தில் அம்மா கால்மாட்டில் நின்று கேமராவைப் பார்க்காமல் பாட்டியையே பார்க்கிறார்.

“இதையெல்லாம் வீட்டில் வைக்கக்கூடாது, எரித்துவிடலாம்” என்றாள் தங்கை. அபசகுனமாம். பிள்ளைகள் பயப்படுவார்களாம். என் தங்கை செபமாலை சொல்லாமல் தூங்காதவள். அதனால்தான் எனக்கு வலித்தது.

நம் கூடத்துச் சுவரில் இருப்பது என்ன? ஆணிகளில் தொங்கும் ஓர் உடல். அதன் கீழே நின்று சாப்பாட்டுக்கு முன் செபிக்கிறோம், பிள்ளைகளையும் செபிக்கச் சொல்கிறோம். பெரிய வெள்ளியன்று வரிசையில் நின்று அந்தப் பாதங்களை முத்தமிடுகிறோம். அப்படிப்பட்ட வீட்டில் பாட்டியின் முகம் எப்படி அபசகுனமாகும்? “சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன்”, இறந்த உடல் உயிர்த்தெழும் என நம்புகிறேன், என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே பாட்டிதான். ஆன்மா எங்கோ பறந்துபோகிறது என்று மட்டும் அவர் சொல்லவில்லை, சரீரம் என்றார். உயிர்த்த ஆண்டவரே தழும்புகளோடுதான் தோமாவிடம் வந்தார்.

பிள்ளைகளின் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, இவர் யார், இவர் கைமணத்தில் என்ன சாப்பிட்டோம் என்று சொன்னால் போதும். என் மகள் பாட்டியின் படத்தைக் கையில் வாங்கி, “ஏன் காலில் சாக்ஸ் போட்டிருக்கிறார்கள்?” என்று மட்டும் கேட்டாள்.

புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாப் படங்களும் நிறைய உண்டு. தீவிலிருந்து பெரிப் படகு ஏறி, பட்டர்வொர்த் வழியாகப் போய், 1888இல் கட்டிய பழைய கோயிலின் முன் மெழுகுவர்த்தியோடு நிற்கும் கூட்டம். இந்தப் படங்களை யாரும் எரிக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த மெழுகுவர்த்திகளைப் பிடித்திருந்தவர்களில் பாதிப்பேர்தான் சாவு வீட்டுப் படங்களில் படுத்திருப்பவர்கள்.

தாத்தாவின் தம்பிக்கு மட்டும் அப்படி ஒரு படம் இல்லை. ஜப்பானியர் காலத்தில், 1943இல், சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் பாதை வேலைக்கு அவரைப் பிடித்துச் சென்றார்கள். 415 கிலோமீட்டர் தண்டவாளம். அதில் எந்த மைலில் விழுந்தார் என்று யாருக்கும் தெரியாது. இருப்பது ஸ்டூடியோவில் கைக்கடிகாரம் தெரிய நின்று எடுத்த ஒரே படம். பெட்டி இல்லை, சுற்றி நிற்கச் சொந்தங்கள் இல்லை, மந்திரிக்கக் கல்லறையும் இல்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாள்தோறும் பினாங்கு ரோட்டு சவேரியார் கோயிலில் பாட்டி அவர் ஆன்மாவுக்காகப் பூசை வைக்கப் பெயர் எழுதிக்கொடுப்பார். மெழுகுவர்த்தி கொளுத்த இடமில்லாமல் தன் மாமனார் கல்லறையிலேயே கூடுதலாக ஒன்று ஏற்றுவாராம்.

இதை அம்மா சொன்னபோது தங்கையும் அருகில் இருந்தாள். அதற்குப் பிறகு எரிப்பதைப் பற்றி அவள் பேசவில்லை.

இப்போது ஒவ்வொரு படத்தின் பின்னாலும் மெல்லிய பென்சிலால் பெயர் எழுதுகிறோம். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும். அம்மாவுக்கு 83 வயது. சில முகங்களுக்கு உடனே பெயர் சொல்கிறார், சிலவற்றுக்குக் கண்ணை மூடி யோசிக்கிறார். பாட்டியின் பெட்டிக்கு வலப்பக்கம், தோளில் துண்டோடு நிற்கும் ஒரு பையன் யாரென்று இன்னும் தெரியவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறோம்.